பொனற்றைத் திறக்காதே என்பவர்களுக்கு

ரொறொன்ரோவில் நாலு தமிழர் கூடும் இடத்தில் ஒருவர், "காலமை வாகனம் ஸ்ராட் ஆகேல்லை" என்று வாய் திறந்தால் போதும். மற்ற மூவரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "உதுக்குள்ள கை வைக்காதையுங்கோ அண்ணை. இப்பத்தை வாகனமெல்லாம் கொம்பியூட்டர். பேசாமல் கராஜில குடுங்கோ." சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். கேட்பவரும் தலையாட்டுகிறார். இழுவை வண்டி வருகிறது, வாகனம் போகிறது, இரண்டு நாள் கழித்து பில் வருகிறது. எதற்காகக் கட்டினோம் என்று அவருக்கும் தெரியாது, அறிவுரை சொன்ன மூவருக்கும் தெரியாது.

இந்த அறிவுரை தவறானது. பெரும்பாலான எஸ்யூவிகளில் ஸ்ராட்டர் மோட்டாரை மாற்றுவது, நிதானமும் சில கருவிகளும் உள்ள ஒருவர் தன் வீட்டு வாசலில் அரை நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலை. அப்படிச் செய்வது கஞ்சத்தனமும் இல்லை, வீரவிளையாட்டும் இல்லை. தன் பொருளைத் தானே புரிந்துகொள்வதில் ஒரு மனிதனுக்கு இருக்கவேண்டிய சாதாரண உரிமை அது. அந்த உரிமையை யாரும் எங்களிடமிருந்து பறிக்கவில்லை. நாங்களாகவே கைவிட்டோம்.

முதலில் "எல்லாம் கொம்பியூட்டர்" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். ஸ்ராட்டர் என்பது 12 வோல்டில் ஓடும் ஒரு சின்ன மோட்டார். அதன் முதுகில் சொலனொய்ட் என்கிற மின்காந்தம். சாவியைத் திருப்பினால், அல்லது பொத்தானை அழுத்தினால், மெல்லிய வயர் ஒன்றின் வழியே அந்த மின்காந்தத்துக்குச் சமிக்ஞை போகிறது. அது உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிறது. அந்த ஓர் இழுப்பில் இரண்டு காரியம் நடக்கிறது. பினியன் என்ற சிறு பற்சக்கரம் முன்னே தள்ளப்பட்டு எஞ்சினின் பெரிய பல்வளையத்தில் மாட்டிக்கொள்கிறது. அதே நேரம் தண்டோடு சேர்ந்த செப்புத் தட்டு, இரண்டு தடித்த செப்புத் துண்டுகளை இணைத்து, பற்றரியின் பலம் முழுவதையும் மோட்டாருக்குள் விடுகிறது. நூற்றைம்பது, இருநூறு அம்பியர். குளிர் நாளில் அதற்கும் மேலே. எஞ்சின் பிடித்ததும் பினியன் விலகிவிடுகிறது. அவ்வளவுதான்.

சமிக்ஞையை அனுப்பலாமா என்று தீர்மானிப்பது கொம்பியூட்டர்தான். அதை நான் மறுக்கவில்லை. கனடாவில் 2007 செப்டெம்பர் 1 முதல் புதிய கார்களும் எஸ்யூவிகளும் திருட்டுத் தடுப்புப் பூட்டோடுதான் விற்கப்படவேண்டும். சாவியை அது அடையாளம் காணாவிட்டால் ஸ்ராட்டருக்கு உத்தரவே போகாது. ஆனால் உத்தரவு வந்தபின் வேலை செய்யவேண்டியது செம்பும் இரும்பும்தான். பெரும்பாலான வாகனங்களில் பழைய ஸ்ராட்டரைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால், அதை எந்தக் கொம்பியூட்டருக்கும் அறிமுகப்படுத்தவேண்டிய தேவை இல்லை. இரண்டு அல்லது மூன்று போல்ட், ஒரு தடித்த வயர், ஒரு மெல்லிய வயர்.

இந்தப் பயமுறுத்தல் புதியதும் அல்ல. சார்ள்ஸ் கெற்றரிங் மின் ஸ்ராட்டரை உருவாக்க முனைந்தபோது, எஞ்சினைச் சுழற்ற எஞ்சின் அளவுக்கே பெரிய மோட்டார் வேண்டும் என்று விஷயம் தெரிந்தவர்களே சொன்னார்கள். காசுப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் செய்து பழகிய அவருக்கு, சில விநாடி மட்டும் பெருஞ்சக்தி கொடுத்தால் போதும் என்பது தெரிந்திருந்தது. 1912 கடிலாக்கில் அது வந்தது. எஞ்சினைத் தொடக்கக் கைப்பிடியைச் சுழற்றி, அது திருப்பி அடித்துக் கைமுறிந்த காலம் அதோடு முடியத் தொடங்கியது. சில விநாடிப் பெருஞ்சக்தி என்ற அந்த அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. உற்பத்தியாளர் போடும் மென்பொருள் பூட்டு விஷயத்தில்கூட, கனடிய நாடாளுமன்றம் 2024 நவம்பரில் நிறைவேறிய சி-244 சட்டத்தின் மூலம், பழுது பார்ப்பதற்காக அதைத் திறப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று திருத்திவிட்டது. நாடாளுமன்றம் திறந்துவிட்ட கதவை நாங்கள் ஏன் சாத்தவேண்டும்?

உண்மையில் காசு போகும் இடம் ஸ்ராட்டர் இல்லை. காசு போவது நோயறியும் இடத்தில். ஜனவரி மாதக் காலையில் வாகனம் "டிக்" என்று ஒரு சத்தம் போட்டு நின்றால், காரணம் பற்றரியாக இருக்கலாம், ஸ்ராட்டராக இருக்கலாம், இரண்டுக்கும் நடுவே உள்ள வயராகவும் இருக்கலாம். பற்றரியின் மேல் எழுதியிருக்கும் குளிர்த்தொடக்க அம்பியர் என்பது சோதனைக்கூடத்தில் −18 பாகையில், 30 விநாடிக்கு, 7.2 வோல்டுக்குக் கீழே போகாமல் அது தரக்கூடிய மின்னோட்டம். புதிய பற்றரிக்கான கணக்கு அது. நாலு குளிர்காலம் கண்ட பற்றரிக்கு அந்தப் பலம் இராது. எஞ்சின் எண்ணெயோ குளிரில் தடித்துப் போய், சுழற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக பலம் கேட்கிறது. ஆகவே எல்லாப் பழுதும் ஜனவரியில்தான் வாய் திறக்கும். எது எதன் பழுது என்பதும் அப்போதுதான் குழம்பும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டியது முப்பது டொலர் மல்ரிமீற்றர். எஞ்சின் ஓடாமல் ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்டை ஒட்டிக் காட்டும். ஒருவர் சாவியைத் திருப்பும்போது அது சடாரென்று 9.6க்குக் கீழே இறங்கினால் முதலில் பற்றரியைச் சந்தேகிக்கவேண்டும். அசையாமல் 12.4, 12.5 என்றே நின்று, "டிக்" மட்டும் கேட்டால், மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை. அடுத்த சோதனை இன்னும் முக்கியமானது. மீற்றரின் சிவப்பு முனையைப் பற்றரியின் நேர்முனைக் கட்டையிலேயே வையுங்கள், கவ்வியில் வேண்டாம். கறுப்பு முனையை ஸ்ராட்டரில் தடித்த வயர் பூட்டிய ஆணியில் வையுங்கள். எஞ்சின் சுழல முயலும்போது மீற்றர் அரை வோல்டுக்கு மேல் காட்டக்கூடாது. இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால் குற்றவாளி வயர், ஸ்ராட்டர் நிரபராதி. இதையே எஞ்சின் உடலுக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையில் செய்யவேண்டும்.

ரொறொன்ரோவில் வீதிக்குக் கொட்டும் உப்பு, எஞ்சினிலிருந்து வாகனத்தின் உடலுக்கு வரும் அந்தப் புவித்தொடுப்பு வயரைத்தான் முதலில் தின்னும். கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்கினால் போதும் என்ற இடத்தில், பற்றரி மாறி, அல்ரனேற்றர் மாறி, கடைசியில் ஸ்ராட்டரும் மாறிய வாகனங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருவரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. அளக்காமல் மாற்றினார்கள், அளந்தீர்களா என்று கேட்க வாகனக்காரருக்குத் தெரியவில்லை. "கை வைக்காதையுங்கோ" என்ற அறிவுரை செய்யும் முதல் கேடு இதுதான். கையை மட்டுமா எடுக்கச் சொல்கிறது? கேள்வியையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறது.

ஸ்ராட்டர்தான் பழுது என்று உறுதியானபின் அதைக் கழற்றிப் பார்ப்பதில் ஒரு படிப்பு இருக்கிறது. பல ரொயோட்டாக்களில் வரும் டென்சோ ஸ்ராட்டரின் பின்மூடியை மூன்று சிறு ஆணிகள்தான் பிடித்திருக்கும். மூடியை எடுத்தால் உள்ளே அந்த இரண்டு செப்புத் துண்டுகள் தெரியும். வருடக்கணக்கில் ஒவ்வொரு தொடக்கத்திலும் பொறி பறந்து, ஒரு பக்கத் துண்டு மற்றதைவிடக் கூடுதலாகத் தேய்ந்து, ஓரம் கருகி, மேற்பரப்பு அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருக்கும். தட்டு அதைத் தொடுகிற நாளில் வாகனம் புறப்படும். மயிரிழை தொடாமல் நிற்கும் நாளில் "டிக்" மட்டும்தான். பத்து முறை சாவியைத் திருப்பினால் பதினோராவதில் பிடிக்கும் அந்த மர்மத்துக்கு விடை இதுவே. மோட்டாரும் பினியனும் நல்ல நிலையில் இருக்க, தேய்ந்த செம்பை மட்டும் மாற்றிவிட்டு அதே ஸ்ராட்டரை இன்னும் பல வருடம் ஓட்டுபவர்கள் உண்டு. கராஜில் இதைச் செய்யமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது: கூலி நேரத்தில் பிரித்து மேய்வதைவிட முழு ஸ்ராட்டரைப் போட்டு உத்தரவாதம் கொடுப்பதே அவர்களுக்குக் கட்டுப்படியாகும். எங்கள் வீட்டு வாசலில் அந்தக் கணக்கு வேறு.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. அதை ஒளிக்க நான் வரவில்லை. பற்றரியிலிருந்து ஸ்ராட்டருக்கு வரும் தடித்த வயருக்குப் பெரும்பாலும் பியூஸ் கிடையாது. அந்த ஆணியில் வைத்த ஸ்பனர் தவறிப்போய் வாகன உடலைத் தொட்டால் அங்கேயே உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதல் வேலை, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி ஒதுக்கி வைப்பது. கல்யாண மோதிரம், மணிக்கூடு, கழுத்துச் சங்கிலி எல்லாம் வீட்டுக்குள் இருக்கட்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் வாகனத்தின் கீழே தலையைக் கொடுக்கக்கூடாது. தாங்கிக் கால்கள் வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வேண்டும், நிலம் சமமாக இருக்கவேண்டும். இவை மூன்று நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடியவை. சொல்லிக் கொடுக்காமல் "ஆபத்து" என்று மட்டும் சொல்பவர் யாரையும் காப்பாற்றவில்லை. வாகனத்துக்குக் கீழே போகவேண்டிய தேவையே எல்லாவற்றிலும் வருவதில்லை. 2004 முதல் 2007 வரை வந்த வி6 ரொயோட்டா ஹைலாண்டரில் பற்றரியையும் காற்று வடிகட்டிப் பெட்டியையும் எடுத்துவிட்டால் ஸ்ராட்டருக்கு மேலிருந்தே கை எட்டும்.

கை வைக்கக்கூடாத இடங்களும் உண்டு. பழைய கடிலாக்குகளின் நோர்த்ஸ்ரார் எஞ்சினிலும் லெக்சஸ் எல்எஸ் 400இலும் ஸ்ராட்டர், காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதிக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. முதன்முதலில் பழக ஏற்ற வாகனங்கள் அவை அல்ல. ரொயோட்டாவின் ஹைபிரிட் எஸ்யூவிகளில் நான் சொல்லும் வகை ஸ்ராட்டரே இல்லை. அங்கே எஞ்சினைச் சுழற்றுவது உயர் வோல்டில் ஓடும் மோட்டார். செம்மஞ்சள் நிற வயரைக் கண்டால் விலகிவிடவேண்டும். துருப்பிடித்து இறுகிய போல்ட்டுக்கு முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்து வைக்கவேண்டும். அப்படியும் அசையாவிட்டால் உடைப்பதற்கு முன் நிறுத்தவேண்டும். அடுக்குமாடியின் நிலத்தடித் தரிப்பிடத்தில் பழுது பார்க்கப் பெரும்பாலும் விதிகள் இடம் கொடா. எதைச் செய்யலாம், எதை விடவேண்டும் என்று பிரித்தறிவதுதான் அறிவு. "ஒன்றையும் செய்யாதே" என்பதில் அந்தப் பிரிப்பே இல்லை.

"என்ரை ஒரு மணித்தியாலம் இதைவிடப் பெறுமதி" என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கு அப்படி இல்லை. இழுவை வண்டிக் காசு, மணிக்கு நூறு டொலருக்குக் குறையாத கூலி, உதிரிப்பாகத்தில் கராஜ் வைக்கும் இலாபம், எல்லாவற்றுக்கும் மேல் 13 வீத வரி என்று சேர்த்தால், ஸ்ராட்டர் மாற்றிய பில் ஐந்நூறு டொலரைத் தாண்டுவது சாதாரணம். புதுப்பித்த ஸ்ராட்டர் ஒன்றை வாங்கி, பழையதைத் திருப்பிக் கொடுத்து வைப்புக்காசை மீட்டுக்கொண்டால் அதில் பாதிக்கும் குறைவாக முடியும். வாகனம் கராஜில் கிடக்கும் நாளையும் கணக்கில் எடுங்கள். 2023 ஜூலையில் தடம்புரண்ட ஸ்காபரோ ஆர்ரி ரயில் பிறகு ஓடவே இல்லை. குளிரில் பஸ்ஸுக்குக் காத்து நின்று, இரண்டு பஸ் மாறித் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஒரு நாளின் விலை என்ன என்று அவரிடமே கேளுங்கள். உத்தரவாதம் போய்விடும் என்ற பயமும் இங்கே பொருந்தாது. ரொயோட்டா கனடாவின் அடிப்படை உத்தரவாதம் மூன்று வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர். ஸ்ராட்டர்கள் பொதுவாகச் சாவது அதற்கு வெகுகாலம் கழித்து.

இவ்வளவு சொன்னபிறகும் எஞ்சி நிற்கும் காரணம் ஒன்று இருக்கிறது. அதை எவரும் வெளியே சொல்வதில்லை: கையில் எண்ணெய் படிகிற வேலை தாழ்ந்தது என்ற எண்ணம். பிள்ளை எஞ்சினியரிங் படிக்கவேண்டும், ஆனால் எஞ்சினைத் தொடக்கூடாது. இந்த எண்ணத்தை நாங்கள் கனடாவில் கற்கவில்லை. ஊரிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்தோம். எந்தக் கை எந்த வேலையைச் செய்யலாம் என்று பிறப்பை வைத்துப் பிரித்த சமூகம் நாங்கள். அந்தப் பிரிவினையின் மிச்சம்தான் இன்றைக்கு "உதெல்லாம் எங்களுக்கு ஏன்" என்று மரியாதையான குரலில் பேசுகிறது.

இதே ஊரிலிருந்துதான் வேறொன்றையும் கொண்டுவந்திருக்கவேண்டும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வரத் தடை, பற்றரி வரத் தடை, மின்சாரம் இல்லை. அப்போது எங்கள் ஆட்கள் ஒஸ்ரின்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளி விட்டு எஞ்சினைப் பிடிக்கச் செய்வது, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூடேறினால் ஆகும் என்ற விஞ்ஞானத்தை யாரும் அவர்களுக்கு வகுப்பில் நடத்தவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். வாத்தியாரும் கிளாக்கரும் கமக்காரரும் காபரேற்றரைக் கழற்றிப் பூட்டினார்கள். கை அழுக்காகிறதே என்று எவரும் பார்க்கவில்லை. அந்தத் தலைமுறையில் பலர் இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு சொக்கெட் பெட்டியைக் கொடுக்காமல், "உங்களுக்கு இந்த நாட்டு வாகனம் விளங்காது அப்பா" என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறோம். இதைவிடப் பெரிய அவமரியாதை எனக்குத் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு என்று ஒருவர் இருந்தார். மோட்டார்சைக்கிள் ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு, உழைத்து வாங்கி, முழுவதும் பிரித்து மறுபடி பூட்டித்தான் இயந்திரம் படித்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸோடு தொடங்கியவர், 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார். 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் சென்னை பாடித் தொழிற்சாலையில் ஸ்ராட்டர் செய்பவர்கள் தமிழ் பேசுபவர்கள். இந்த இயந்திரம் எங்களுக்கு அந்நியமானது என்று எந்த வாயால் சொல்வது?

ஒன்ராரியோ அரசு இதைப் புரிந்துகொண்டது. 2024 செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவர்களிலிருந்து, பட்டம் பெற ஒரு தொழில்நுட்பப் பாடமாவது எடுத்தே ஆகவேண்டும். ஸ்காபரோவிலேயே சென்ரெனியல் கல்லூரியின் ஆஷ்ரன்பீ வளாகம் வாகனத் தொழில்நுட்பத்துக்குப் பேர்பெற்றது. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேரை அங்கே பெருமையோடு அனுப்புகிறோம்?

தமிழ்க் கராஜ்காரரின் பிழைப்பில் மண் போடுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். நல்ல மெக்கானிக்கை நான் மதிக்கிறேன். ஒன்ராரியோவில் கூலிக்கு வாகனம் திருத்த 310எஸ் என்ற தகுதிச்சான்று கட்டாயம். அது வருடக்கணக்கில் பழகிப் பெறுவது. நீங்கள் உங்கள் வாகனத்தைத் திருத்தலாம். பக்கத்து வீட்டாருடையதைக் காசு வாங்கித் திருத்தப் போகாதீர்கள். பிறேக், ஸ்ரியறிங், கியர்ப்பெட்டி, எஞ்சின் உள்வேலை எல்லாம் அவர்களிடமே போகட்டும். விஷயம் தெரிந்த வாடிக்கையாளர் வந்தால் நேர்மையான மெக்கானிக்குக்கு நட்டம் எதுவும் இல்லை. இந்த மாகாணத்தின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உங்களைக் கண்மூடி நிற்கச் சொல்லவில்லை. மதிப்பீட்டுக்கு மேல் பத்து வீதத்தைத் தாண்டி வாங்கமுடியாது, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர முன்வரவேண்டும், செய்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு என்கிறது அது. கழற்றிய பாகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ளத் தெரியாதவருக்கு இந்த உரிமையால் என்ன பயன்?

ஆகவே, வாசிப்பவருக்கு என் வேண்டுகோள் இது. முதல் உறைபனிக்கு முன்னே, ஒக்ரோபரில் ஒரு நல்ல வெயில் நாளில், பொனற்றைத் திறவுங்கள். மகனை மட்டும் கூப்பிடாதீர்கள், மகளையும் கூப்பிடுங்கள். வீட்டில் அப்பு இருந்தால் அவருக்கு ஒரு கதிரை போடுங்கள். பற்றரியை அளவுங்கள். எதிர்முனை வயரைப் பின்தொடர்ந்து அது எங்கே பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்ராட்டர் எங்கே இருக்கிறது, எத்தனை போல்ட், எந்த அளவு ஸ்பனர் என்று உங்கள் வாகனத்துக்குரிய திருத்தக் கையேட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அடுத்த முறை ஒருவர் "காலமை ஸ்ராட் ஆகேல்லை" என்று சொன்னால், "கராஜில குடுங்கோ" என்று சொல்வதற்கு முன், "பற்றரி எத்தனை வோல்ட் காட்டினது?" என்று கேளுங்கள்.